கடவுச்சொல்லை மாற்றியவர்

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அப்பாவின் போன் வந்தபோது பெர்னதெத் மகளின் சீருடையை அயர்ன் செய்துகொண்டிருந்தாள்.

"பெர்னி, மறுபடியும் மாத்திட்டாம்மா. லேப்டாப் உள்ள போக மாட்டேங்குது."

"யாரு டாடி மாத்தினது?"

"யாரு, அவதான். வனஜா. வேற யாருக்கு என் பாஸ்வேர்ட் தெரியும்? கோயில்லேர்ந்து ரெண்டு வாட்டி போன் பண்ணிட்டாங்க. நாலு மணிக்கு ஒரு அடக்கம் இருக்கு. குழி நம்பர் கேக்கறாங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"வனஜாக்காவைத்தான் மூணு வாரத்துக்கு முன்னாடியே வீட்டு வேலையை விட்டு நிறுத்திட்டீங்களே."

"நிறுத்தினா என்ன? அவ பையன் கம்ப்யூட்டர் படிக்கறான். வீட்டுல உக்காந்துட்டே எல்லாம் பண்ணலாமாம். நீ உடனே கிளம்பி வா."

பெர்னதெத் கிளம்பினாள். ஹென்னூரிலிருந்து பிரேசர் டவுனுக்கு ஆட்டோவில் நாற்பது நிமிடம். தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. வழியெல்லாம் அவளுக்கு எரிச்சல்தான். நாகவாராவில் ஒரு கம்பெனியின் ஹெல்ப்டெஸ்க்கில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. உள்ளே நுழைய முடியாமல் தவிக்கும் ஆட்களின் போனை எடுத்து எடுத்துக் காது தேய்ந்திருந்தது. பாஸ்வேர்டை மறந்தவர்கள் யாரும் மறந்துவிட்டேன் என்று சொல்வதில்லை. 'சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது' என்பார்கள். யாரோ மாற்றிவிட்டார்கள் என்பார்கள். லீவு நாளிலும் அதையே கேட்க வேண்டியிருக்கிறதே என்று நினைத்தாள்.

அவள் அப்பா ஓஸ்வால்டுக்கு எழுபத்தொரு வயது. ஒரு பெரிய தொழிற்சாலையில் முப்பத்தாறு வருடம் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர். அம்மா ரெஜினா இறந்து ஆறு வருடமாகிறது. அதன் பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவரைப் பங்குச் சாமியார்தான் கூப்பிட்டு, கல்லறைத் தோட்டத்தின் பழைய பதிவு நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னார். யார், எந்தத் தேதியில், எந்த வரிசையில், எந்தக் குழியில். பூச்சி அரித்த நோட்டுகளிலிருந்து ஒவ்வொரு பெயராக அவர் எடுத்துத் தட்டினார். நாலு வருடத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் பெயர்கள். யாராவது வெளிநாட்டிலிருந்து வந்து தாத்தாவின் கல்லறை எங்கே என்று கேட்டால், லேப்டாப்பைத் திறக்காமலேயே வரிசை எண்ணைச் சொல்வார். பங்கில் அவருக்கு அதனால் ஒரு மரியாதை இருந்தது. அந்த மரியாதையில்தான் அவர் மனைவி போன துக்கத்தைத் தாண்டி வந்தார் என்று பெர்னதெத் நம்பினாள்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அப்பா சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பின் முன் உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்யப்படவில்லை. அடுக்களைத் தொட்டியில் இரண்டு மூன்று நாள் பாத்திரம் குவிந்திருந்தது. வனஜா போன பிறகு வேறு ஆள் வைக்கவில்லை.

"இதோ பாரு," என்று அவர் இரண்டு விரலால் நிதானமாகத் தட்டினார். திரையில் வரிசையாகப் புள்ளிகள் விழுந்தன. எண்டரை அழுத்தினார். கடவுச்சொல் தவறு என்று வந்தது. "பாத்தியா?"

பெர்னதெத் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆபீசில் செய்வதைப் போலவே ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெரிய எழுத்துப் பொத்தான் விழுந்திருக்கவில்லை. விசைப்பலகை தமிழுக்கு மாறியிருக்கவில்லை. கண் போன்ற குறியை அழுத்தி, புள்ளிகளுக்குப் பதில் எழுத்துகள் தெரிகிறபடி வைத்து, அப்பாவை மறுபடி அடிக்கச் சொன்னாள். அம்மாவின் பெயர், பிறகு அம்மா பிறந்த வருடம். எழுத்துப் பிழை ஏதுமில்லை. ஆனாலும் ஏற்கவில்லை.

"வேற எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா டாடி?"

"எழுதி வெச்சதைத்தானே அவ எடுத்துட்டா." சொல்லிக்கொண்டே அவர் எழுந்துபோய் அலமாரியின் மேல் டிராயரைத் திறந்து பார்த்தார். மூடினார். அடுக்களைக்குப் போனார். திரும்பி வந்து அதே டிராயரை மறுபடி திறந்து பார்த்தார்.

பெர்னதெத் அம்மாவின் படத்துக்குக் கீழே இருந்த ஜெபப் புத்தகத்தை எடுத்தாள். அப்பா முக்கியமான காகிதங்களை அதில் வைப்பது வழக்கம். புரட்டியபோது இரண்டு சீட்டுகள் கீழே விழுந்தன. இரண்டிலும் அச்சு வைத்தது போன்ற அவருடைய டிராஃப்ட்ஸ்மேன் எழுத்து. ஒவ்வொன்றிலும் ஒரு கடவுச்சொல், அடியில் தேதி. எதை எழுதினாலும் தேதி போடுகிற பழக்கம் அவருக்கு.

அவள் முதல் சீட்டில் இருந்ததை அடித்துப் பார்த்தாள். தவறு. இரண்டாவதும் தவறு. அத்துடன், பல முறை முயன்றுவிட்டதால் சற்று நேரம் கழித்து முயலவும் என்று திரை மூடிக்கொண்டது. அப்போதுதான் அவள் சீட்டுகளில் இருந்த தேதிகளைக் கவனித்தாள். ஒன்று ஜூன் பன்னிரண்டு. மற்றது ஜூன் இருபத்தொன்று. வனஜாவை அப்பா நிறுத்தியது ஜூன் ஏழாம் தேதி.

"இது எப்ப எழுதினீங்க டாடி?"

அவர் சீட்டை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கண்ணருகே வைத்துப் பார்த்தார். "என் எழுத்துதான்," என்றார். சீட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

கோயிலிலிருந்து மூன்றாவது முறை போன் வந்தது. இறந்தவர் ரத்தினம்மாள் என்ற எண்பத்திரண்டு வயது அம்மாள். அவருடைய கணவர் சவரிமுத்துவை அடக்கம் செய்த அதே குழியில் அவரையும் வைக்க வேண்டும் என்பது கடைசி ஆசை. அந்தக் குழிக்குக் கல் வைத்ததில்லை, மகனுக்கும் இடம் தெரியவில்லை. மண் வெட்டுகிறவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள். பெர்னதெத் அரை மணியில் சொல்வதாகச் சொல்லி வைத்தாள்.

இனி ஒரு வழிதான் இருந்தது. தன் போனிலிருந்து அப்பாவின் கணக்குக்குப் போய், கடவுச்சொல் மறந்துவிட்டது என்று கொடுத்து, புதிதாக ஒன்றை வைக்க வேண்டும். அதற்கு ஒரு ஆறு இலக்க எண் அப்பாவின் போனுக்கு வரும்.

"உங்க போனைக் குடுங்க டாடி."

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். "இது எப்பவும் என் பாக்கெட்லதான். குளிக்கப் போனா பாத்ரூமுக்கே கொண்டு போறேன். அதனால இதுல கை வைக்க முடியல அவளுக்கு," என்றார் பெருமையாக.

எண் வந்தது. அவள் அதைப் பார்க்கச் செய்தியைத் திறந்தாள். அதற்கு மேலே அதே போன்ற இன்னொரு செய்தி இருந்தது. அதற்கு மேலே இன்னொன்று. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. ஏப்ரலில் இரண்டு. மே மாதத்தில் நாலு. ஜூனில் ஐந்து. உங்கள் கடவுச்சொல்லை மாற்றுவதற்கான எண் இது, யாரிடமும் பகிர வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் அடுத்து, உங்கள் கடவுச்சொல் மாற்றப்பட்டது. ஒன்று ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு. இப்போது வந்ததற்கு முந்தியது இன்று காலை ஏழு ஐம்பத்திரண்டுக்கு.

அந்த எண் இல்லாமல் யாராலும் மாற்ற முடியாது. அந்த எண் வந்த போன் அவர் பாக்கெட்டில் இருந்தது.

பெர்னதெத் வேலையில் இப்படி எத்தனையோ பதிவுகளைப் படித்திருக்கிறாள். யார், எத்தனை மணிக்கு, எங்கிருந்து என்று பார்த்ததும் 'யூசர்தான் மாத்தியிருக்கார்' என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவாள். இப்போது அந்த யூசர் எதிரில் உட்கார்ந்து, கையை மேஜை மேல் கோத்துக்கொண்டு, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா? கண்டுபிடிச்சிட்டியா, அவ எப்படிப் பண்ணினான்னு?"

"இருங்க டாடி. முதல்ல உள்ள போவோம்."

புதிய கடவுச்சொல்லைப் போட்டாள். பதினொன்றரைக்கு லேப்டாப் திறந்தது. அப்பா ஆளே மாறிவிட்டார். நாற்காலியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, பதிவைத் திறந்து, சவரிமுத்துவைத் தேடினார். "1991, நவம்பர். சவரிமுத்து, வயசு ஐம்பத்திநாலு. வரிசை ஆறு, குழி பதினாலு. போன் பண்ணு." அவள் கோயில் ஆபீசுக்குப் போன் செய்து சொன்னாள். "வரிசை ஆறு, குழி பதினாலு. ஆமா, டாடியே பாத்துச் சொன்னாங்க."

பிறகு பாத்திரம் கழுவினாள். சோப்பு நுரையில் கையை வைத்துக்கொண்டு, ஏழாம் தேதி காலையை நினைத்தாள். அப்பா போன் செய்து, வனஜா என் சீட்டைத் திருடிவிட்டாள், அனுப்பிவிட்டேன் என்றபோது அவள் மீட்டிங்குக்கு நடுவில் இருந்தாள். "சரி டாடி, வேற ஆள் பாக்கலாம்," என்று சொல்லி வைத்துவிட்டாள். பத்து வருடம் அந்த வீட்டில் வேலை செய்தவள். அம்மா படுக்கையில் கிடந்தபோது துடைத்து, புரட்டி, ஊட்டிவிட்டவள். அவளுக்கு ஒரு போன் செய்து என்ன நடந்தது என்றுகூடக் கேட்கவில்லை.

அந்த நினைப்போடு வேறொரு நினைப்பும் வந்தது. தன் கடவுச்சொல்லைத் தானே மாற்றியதை மறக்கிறவர் வேறு எதையெல்லாம் மாற்றியிருப்பார்?

கையைத் துடைத்துக்கொண்டு வந்து தன் போனில் பழைய மெயில்களைத் தேடினாள். டிசம்பரில் அப்பா அந்தப் பதிவின் ஒரு பிரதியை, பத்திரமாக இருக்கட்டும் என்று அவளுக்கு அனுப்பியிருந்தார். அதைத் திறந்து சவரிமுத்துவைத் தேடினாள். 1991, நவம்பர். வரிசை பதினாலு, குழி ஆறு.

அவள் மறுபடி பார்த்தாள். பிறகு வரிசை ஆறு, குழி பதினாலில் யார் என்று தேடினாள். தினேஷ் அந்தோணி, வயது முப்பத்தெட்டு. 2021, மே.

அது கோவிட் அடக்கம். குடும்பத்தில் ஒருவரையும் உள்ளே விடாமல், பிளாஸ்டிக் உறையோடு இறக்கி மூடிய நாட்கள். அந்தப் பகுதியில் கல்லும் கிடையாது, பெயரும் கிடையாது. சிமெண்டில் பதித்த எண் தகடு மட்டும்தான்.

கோயில் ஆபீஸ் போன் பிசியாக இருந்தது. கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிற இராஜமாணிக்கம் போனை எடுக்கவில்லை. "டாடி, செருப்பப் போடுங்க, கிளம்புங்க," என்றாள்.

"எங்க?"

"கல்லறைக்கு. நம்பர் தப்பு."

"நான் சொன்ன நம்பர் தப்பா?" அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாலு வருஷத்துல ஒருத்தராவது தப்புன்னு சொல்லியிருக்காங்களா?" ஆனாலும் கூடவே வந்தார். ஆட்டோக்காரர் கன்னடத்தில் கூடுதலாகக் கேட்டார். பேரம் பேசாமல் ஏறினார்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால். தூரத்திலிருந்தே ஈரச் செம்மண் குவியல் தெரிந்தது. பெர்னதெத் ஓடினாள். சேற்றில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டது. அதை விட்டுவிட்டு ஓடினாள். இராஜமாணிக்கமும் இன்னொரு ஆளும் முழங்கால் ஆழம் வெட்டியிருந்தார்கள்.

"நிறுத்துங்கண்ணா! இது இல்ல!"

இராஜமாணிக்கம் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சும்மா. மண்ணு லூசா இருக்குதே, முப்பது வருஷத்து மண்ணு இப்படி இருக்காதேன்னு. ஆனா ஓஸ்வால்ட் சார் சொன்னா தப்பாதுன்னு சொல்லிட்டாங்க ஆபீஸ்ல."

ரத்தினம்மாளின் மகன் குடையோடு சற்றுத் தள்ளி நின்றிருந்தார். விஷயம் புரிந்ததும் அவர் முகம் வெளிறியது. "யாரோட குழிம்மா இது?" என்று கேட்டார். பெர்னதெத் மன்னிப்பு மட்டும் கேட்டாள். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. அவர் தலையைத் திருப்பிக்கொண்டு கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அப்பா மெதுவாக நடந்து வந்து குழியின் விளிம்பில் நின்றார். எண் தகட்டைக் குனிந்து பார்த்தார். அவள் தன் போனில் இருந்த பழைய பிரதியைக் காட்டினாள். அவர் அதை வாங்கி வெகு நேரம் பார்த்தார். தூறல் கண்ணாடியில் விழுந்தது. அவர் துடைக்கவில்லை.

"மூடுங்கப்பா," என்றார் இராஜமாணிக்கத்திடம். "நல்லா மிதிச்சு மூடுங்க. பதினாலாவது வரிசைக்குப் போங்க. ஆறாவது குழி."

அடக்கம் நாலு மணிக்கு நடந்தது. அவர்கள் அதற்கு இருக்கவில்லை. பங்குச் சாமியாரிடம் பெர்னதெத் தனியாகப் பேசினாள். அவர் கேட்டுக்கொண்டு, "லேப்டாப்ப கொஞ்ச நாள் நீயே வெச்சுக்கோம்மா," என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஈரச் சட்டையோடு உட்கார்ந்துவிட்டார். துண்டு கொடுத்தாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் எப்ப மாத்தினேன் அந்த நம்பரை?"

"தெரியல டாடி. டிசம்பருக்கு அப்புறம்." அவர் அப்படி உட்கார்ந்திருந்த நேரத்தில் லேப்டாப்பையும் டிசம்பர் பிரதியையும் ஒப்பிட்டு அவள் பார்த்தவரை நாற்பது பெயர்களுக்கு மேல் எண்கள் மாறியிருந்தன. அதைச் சொல்லவில்லை.

"பாஸ்வேர்ட்?"

அவள் தயங்கினாள். அப்படியே விட்டுவிடலாம். வனஜாதான் மாற்றினாள், நான் சரி செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் இந்த மனிதர் இன்று இரவு நிம்மதியாகத் தூங்குவார். வனஜா இந்த வீட்டுக்கு வராமல் போய் மூன்று வாரமாகிவிட்டது. இனி அவளுக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தோன்றியதற்காகத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

அவர் போனை எடுத்துச் செய்திகளைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். "இந்த நம்பர் இல்லாம யாராலயும் மாத்த முடியாது டாடி. உங்க பாக்கெட்லதான் இருந்துச்சு போன்."

வரைபடத்தைச் சரிபார்க்கிறவரைப் போல அவர் ஒவ்வொன்றையும் படித்தார். தேதி, நேரம், தேதி, நேரம். கடைசிவரை படித்துவிட்டு மறுபடி மேலே போனார்.

"இது எல்லாம் நானா?"

"ஆமா டாடி."

"எனக்கு ஒண்ணுகூட ஞாபகம் இல்லையே பெர்னி." போனைக் கீழே வைத்தார். பிறகு, "அவளைத் திருடின்னு சொன்னேன். பக்கத்து வீட்டு வாசல் வரைக்கும் கேக்கற மாதிரி கத்தினேன். பையைத் தொறந்து காட்டச் சொன்னேன். அவ காட்டினா," என்றார்.

பெர்னதெத் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா இறந்த அன்றுகூட அழாதவர், துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். விளக்குப் போடுகிற நேரம்வரை அப்படியே இருந்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கேட்டார். நிறுத்தி நிறுத்தி எழுதினார். 'வனஜா அம்மாவுக்கு. நீ எதுவும் எடுக்கவில்லை. நான்தான் மறந்துபோய்விட்டு உன் மேல் பழி போட்டேன். நான் பெரிய பாவம் செய்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு. ஓஸ்வால்ட்.' அடியில் தேதி போட்டார். "நாளைக்கு நானே போய்க் குடுக்கறேன். கால்ல விழுந்தாவது கூட்டிட்டு வரேன்," என்றார்.

பெர்னதெத் அன்று அங்கேயே தங்கினாள். காலையில் அவள் காப்பி கொண்டுபோனபோது அப்பா சவரம் செய்து, பூசைக்குப் போகத் தயாராகச் சட்டை போட்டிருந்தார். முகம் தெளிவாக இருந்தது.

"நல்லவேளை நீ வந்த. அந்த லேப்டாப்ப சரி பண்ணிட்டல்ல? இனிமே அந்த வனஜா பையனால உள்ள வர முடியாதுல்ல?"

பெர்னதெத் காப்பியை மேஜையில் வைத்தாள். "டாடி, நேத்து நாம பேசினது..."

"என்ன பேசினோம்?" அவர் நிஜமாகவே கேட்டார். கல்லறைக்குப் போனது கொஞ்சம் நினைவிருந்தது. யாரோ தப்பான குழியை வெட்டிவிட்டார்கள், இராஜமாணிக்கத்துக்கு வயதாகிவிட்டது என்றார். கடிதம் அவர் தலைமாட்டிலேயே இருந்தது. அவள் அதை எடுத்துக் காட்டவில்லை. ஒரு முறை உடைந்ததைப் பார்த்தாயிற்று. தினமும் காலையில் உடைக்க அவளால் முடியாது. கடிதத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

அவரைக் கோயிலில் விட்டுவிட்டு, லிங்கராஜபுரத்தில் வனஜாவின் வீட்டைத் தேடிப் போனாள். பத்து வருடத்தில் ஒரு முறைகூட அங்கே போனதில்லை. இரண்டு இடத்தில் விசாரித்து, ஒரு சந்துக்குள் மாடிப்படியேறிப் போக வேண்டியிருந்தது. வனஜா துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கையில் இருந்த நுரையை உதறிவிட்டு, "வா பெர்னிம்மா," என்றாள். உட்கார ஒரு ஸ்டூல் போட்டாள்.

பெர்னதெத் எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் கடிதத்தை நீட்டினாள். வனஜா எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள். உதடு அசைய அசைய முழுவதும் படித்தாள்.

"எனக்கு அப்பவே தெரியும்மா," என்றாள் கடைசியில். "பொங்கலுக்கு முன்னாடியே தெரியும். கேஸ் அடுப்ப தொறந்துட்டு பத்த வைக்காம விட்டுடுவாரு. சாப்பிட்டு கை கழுவிட்டு வந்து, எப்ப சோறு போடுவேன்னு கேப்பாரு. ஒருநாள் மார்க்கெட்டுக்குப் போனவரு மாஸ்க் ரோட்டுல, மசூதிகிட்ட நின்னுட்டு, வீட்டுக்கு எந்தப் பக்கம்னு தெரியாம முழிச்சாரு. நான்தான் கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன். பெர்னிகிட்ட சொல்லாத, அவ என்னை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுவான்னு சத்தியம் வாங்கிட்டாரு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே வனஜாக்கா."

"சத்தியத்த மீறித்தான் ரெண்டு வாட்டி போன் போட்டேன். மீட்டிங்ல இருக்கேன், அப்பறம் பண்றேன்னு சொன்ன." அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். "நீயும் வேலைக்குப் போறவதானே."

பெர்னதெத்துக்கு அந்த இரண்டு போன்களும் நினைவுக்கு வந்தன. அட்வான்ஸ் கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருந்தாள்.

"திரும்பி வாங்கக்கா. டாடிக்கு உங்களை விட்டா யாரும் சரிப்படாது. நான் கூடவே இருந்து எல்லாம் புரிய வைக்கறேன்."

"என்னத்த புரிய வைப்ப? இந்தக் கடுதாசி எழுதினது இன்னைக்கு அவருக்கு ஞாபகம் இருக்குதா?"

பெர்னதெத் இல்லை என்று தலையசைத்தாள்.

"அதான். அவரு மேல எனக்குக் கோவம் இல்ல. அது நோவு. ஆனா நாளைக்கு நான் வந்து நின்னா மறுபடியும் திருடின்னுதான் கத்துவாரு. கத்தினது அவருக்கு மறந்துடும். எனக்கு மறக்காதும்மா." அவள் கடிதத்தை நான்காக மடித்து, அலமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். "இது எங்கிட்ட இருக்கட்டும். என் பையனுக்குக் காட்டணும். அவன் பேரையும் சேத்துத்தானே சொன்னாரு. பக்கத்து வீட்டு அம்மாகிட்டயும் நீ ஒரு வார்த்த சொல்லிடு. அவங்க வீட்டுலயும் என்னை வேணாம்னுட்டாங்க."

"இன்னைக்கே சொல்றேன்க்கா."

"காக்ஸ் டவுன்ல ஒரு வீடு கெடைச்சிருக்கு. நல்ல மனுஷங்க. சாருக்கு சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு கப் கஞ்சி குடு. அது குடிச்சா அமைதியா இருப்பாரு. உப்பு மட்டும் கம்மியா."

படிவரை வந்து வழியனுப்பினாள். பெர்னதெத் அன்று மதியமே பக்கத்து வீட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னாள். அந்த அம்மா, "அப்படியா, ஐயோ பாவம்," என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஜூலையில் டாக்டரிடம் காட்டினார்கள். மூளையைப் படம் எடுத்தார்கள், கேள்விகள் கேட்டார்கள், கடிகாரம் வரையச் சொன்னார்கள். முப்பத்தாறு வருடம் மில்லிமீட்டர் பிசகாமல் வரைந்தவர், வட்டத்தை மட்டும் அழகாகப் போட்டுவிட்டு, எண்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாத்திரை கொடுத்தார்கள். வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது என்றார்கள். பிரேசர் டவுன் வீட்டைப் பூட்டிவிட்டு அவரை ஹென்னூருக்குக் கூட்டி வந்தாள். வந்த முதல் வாரம் தினமும் பையை எடுத்துக்கொண்டு, "கிளம்பலாமா?" என்று கேட்டார். பிறகு கேட்கவில்லை.

லேப்டாப்பில் இப்போது கடவுச்சொல் கிடையாது. அவள் எடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் டிசம்பர் பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மாறிப்போன எண்களை ஒவ்வொன்றாகத் திருத்தினாள். அவற்றையெல்லாம் சரி செய்ய முடிந்தது. ஆனால் டிசம்பருக்குப் பிறகு அப்பா கடைசி நோட்டிலிருந்து புதிதாக ஏற்றிய நூற்றுப் பதினெட்டுப் பெயர்கள் இருந்தன. 1970களில் இறந்தவர்கள். அந்த நோட்டைக் கோயிலில் தேடிப் பார்த்தார்கள். ஏற்றி முடித்ததும், பூச்சி பரவும் என்று அப்பாவே தோட்டத்து இலைகளோடு போட்டு எரித்துவிட்டாராம். அந்தப் பெயர்களுக்கு எதிரில் இருக்கும் எண்கள் சரியா தவறா என்று சொல்ல இனி யாரும் இல்லை.

சில காலைகளில் அவர் தெளிவாக இருப்பார். அப்போது பெர்னதெத் லேப்டாப்பை அவர் முன் வைத்து, ஒரு பெயரைப் படித்து, எந்தக் குழி டாடி என்று கேட்பாள். அவர் கண்ணை மூடி யோசித்து, சட்டென்று, துளி சந்தேகமில்லாமல் ஓர் எண்ணைச் சொல்வார். அவள் அதைப் பென்சிலால் குறித்துக்கொள்வாள். அடுத்த வாரம் அதே பெயரைக் கேட்டால் வேறொரு எண்ணை, அதே உறுதியோடு சொல்வார்.